மாதாவுக்குப் பின்னால் கடல்

பிறிஜெற் அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். கடல் அங்கே இல்லை. சுவரின் ஈரமும் கொஞ்சம் ஒட்டடையும்தான் விரல்களில் பட்டன. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள், கடைசியில் மேசையைப் பார்த்தாள். அதைச் சுற்றி வைத்திருந்த பொலித்தீன் மட்டும் நான்காக மடிக்கப்பட்டு, பறக்காமல் இருக்க மேலே ஒரு புத்தகமும் வைக்கப்பட்டிருந்தது. களவெடுக்க வந்தவன் பொலித்தீனை மடித்து வைத்துவிட்டுப் போகமாட்டான். இது அம்மாவின் வேலை.

"அம்மா, இதுக்குள்ள இருந்த துணி எங்க?"

றோஸி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "அந்த நீலமோ? அது மாதாவோட போயிட்டுது."

"எங்க போயிட்டுது?"

"மேபல் வீட்டுக்கு. பின்னேரம்தான் கொண்டு போனவை."

ஒக்டோபர் செபமாலை மாதம். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய ஒழுங்கைக்குள் மாதாவின் சுரூபம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபடி வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். அடுத்த நாள் பின்னேரம் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். மாதா வருகிற வீடு அன்றைக்குக் கலியாண வீடு மாதிரி. தரை மினுங்கும், கண்ணாடிக் கிளாஸ்கள் வெளியே வரும், மாதாவுக்குப் பின்னால் சுவரில் நல்ல நீலச் சேலையொன்று தொங்கும். நேற்று றோஸியின் முறை. அதற்கென்று எடுத்து வைத்திருந்த சேலையை அயன் பண்ணப் போய், யாரோ கூப்பிட்ட சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்த நேரத்தில், நடுவிலே பெரிய ஓட்டை விழுந்துவிட்டது. ஆட்கள் வருகிற நேரம். வீட்டில் வேறு நீலம் கிடையாது, மகளின் அறையில் பொலித்தீனுக்குள் இருந்ததைத் தவிர. மகளோ கிராண்ட்பாஸில் வகுப்புத் தோழி லுத்பியாவின் வீட்டில் இரவும் தங்கி எழுத்து வேலை முடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஃபோன் பண்ணியிருக்கலாமே!"

"பண்ணினனான். நீ எடுத்தனியே?"

அது உண்மைதான். மாதா வருகிற நாளில் வீட்டில் நிற்காததற்கு ஏச்சு விழும் என்று பயந்து அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"சரி, போகேக்கையாவது கழட்டி வச்சிருக்கலாம்."

"மாதாவுக்கு விரிச்சதை ஆரும் திருப்பி எடுக்கிறதே, பிள்ளை?" றோஸிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "சவுந்தரநாயகம் மாஸ்டர் தன்ர கையாலயே மடிச்சுத் தூக்கினவர். எல்லாரும் என்ன வடிவு, என்ன வடிவு எண்டு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமோ? நீ நிண்டிருந்தா நீயும் கேட்டிருப்பாய்."

"அம்மா, அது நாளைக்குக் காலமை நான் காட்டவேண்டிய வேலை. அதை வச்சுத்தான் என்னைத் துணிப் பிரிவில போடுறதோ கணினிப் பிரிவில போடுறதோ எண்டு முடிவெடுப்பினம்."

றோஸியின் கை திருவுபலகையில் நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்க்கப் பிறிஜெற்றுக்கு இன்னும் கோபம் வந்தது. வேண்டுமென்று செய்த ஆளோடு சண்டை பிடிக்கலாம். ஆசையாகச் செய்துவிட்டு முழிக்கிற ஆளோடு என்ன செய்வது?

பிறிஜெற்றுக்குச் சின்ன வயதிலிருந்தே கை சும்மா இராது. பஸ்ஸில் ஏறினால் கிழிந்த சீற்றுக்குள் விரலை விட்டுப் பஞ்சைத் தடவுவாள். தகப்பன் பேர்னாட் பேலியகொடைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனால், மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்த, இவள் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுப் பாரை மீனின் செதிலை மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு பக்கம் வழுக்கும், மறு பக்கம் கீறும். ஒரே மீன் இரண்டு மீனாக இருப்பது அவளுக்குப் பெரிய அதிசயம். டிசைன் படிக்கப் போன பிறகு இந்தப் பழக்கத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது, அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் லுத்பியாவையும் இழுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போவாள். காலி வீதியில் ஒரு சேலைக் கடையையும் விடமாட்டாள். "தங்கச்சி, வாங்கிறதெண்டா மட்டும் விரிக்கச் சொல்லுங்கோ" என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார். "விரிக்க வேண்டாம் அண்ணா, ஓரத்தை மட்டும் ஒருக்கா தாங்கோ" என்பாள் இவள். வகுப்பில் திரையில் போட்டுக் காட்டுகிற உலகத்துப் பெரிய வேலைப்பாடுகள் ஒன்றும் அவள் மண்டையில் நிற்பதில்லை. ஆனால் போன வருடம் தொட்ட ஒரு காஞ்சிபுரத்தின் கரையைக் கண்ணை மூடிக்கொண்டு இப்போதும் சொல்லுவாள்.

கடலும் அப்படி வந்ததுதான். கொட்டாஞ்சேனையில் கடல் பக்கத்திலே இருக்கிறது, ஆனால் இல்லை. கப்பல் ஊதுகிற சத்தம் படுக்கைக்குள் கேட்கும். உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும். பேர்னாட் துறைமுகத்தில் கிறேன் ஓட்டிவிட்டு வரும்போது சட்டையில் அந்த மணம் இருக்கும். தொடுவதற்கு மட்டும் வழியில்லை. நடுவிலே துறைமுகத்து மதில். கால் நனைக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குத்தான் போகவேண்டும். சொந்த ஊர்க் கடலை ஒருநாள் தொடவேண்டும் என்பது அவளுக்குப் பெரிய ஆசை. அதனால் தானே ஒன்று செய்தாள். சாக்குத் துணிமேல் தகப்பன் கொண்டுவந்து தந்த கப்பல் கயிற்றைப் பிரித்துப் பிரித்துத் தைத்து, மேலே அலைதாங்கிக் கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவந்தாள். அதற்குக் கீழே பேலியகொடையிலிருந்து வந்த கிழிந்த வலை. அதற்கும் கீழே தையற்கடைகளில் பொறுக்கிய நீலத் துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, போகப்போக மெத்தென்று. அடியில் கருநீல வெல்வெற். மேலிருந்து கீழே கையைக் கொண்டுபோனால் கரையிலிருந்து ஆழத்துக்குப் போன மாதிரி இருக்கவேண்டும். மூன்று மாத வேலை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்தி, சோறு குழைக்கும்போது எரியும்.

போன மாதம் அதை முதல்தரம் காட்டினாள். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர், நரைத்த தாடிக்காரர், வலையைத் தொடக் கையை நீட்டினார். "சேர், கவனம், நூல் கழண்டிடும்" என்று இவளையறியாமலே வாயில் வந்துவிட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒருவரும் கிட்டப் போகவில்லை. எல்லோரும் போன பிறகு மிஸ் இரேஷா அவளைக் கூப்பிட்டார். சிங்களத்தில் மெல்லப் பேசுகிற மனுசி. மெல்லப் பேசினால்தான் இன்னும் பயம். "வேலைக் குறிப்பில் தொடுவதற்கு என்று எழுதியிருக்கிறாய். தொட வந்தவரை ஏன் தடுத்தாய்? பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. பார்ப்பதற்கு மட்டுமென்றால் உன்னைக் கணினிப் பிரிவில் போடுவதுதான் நல்லது. அடுத்த மாதம் திரும்பக் கொண்டு வா." அன்றைக்குப் பிறிஜெற் வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை, அந்தத் துணிக்குப் பொலித்தீன் சுற்றியதுதான். திருத்த என்னென்னவோ செய்தாள், நூலை மாற்றினாள், பின்பக்கம் இன்னொரு சாக்கு வைத்துத் தைத்தாள். ஆனால் ஒருவருடைய கையையும் கிட்ட விடவில்லை. கணினிப் பிரிவென்றால், காலம் முழுக்கக் கண்ணாடித் திரையைத் தடவிக்கொண்டு இருக்கவேண்டும்.

துணியைத் தூக்க உதவிக்கு வந்திருந்த லுத்பியா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எடியே, என்னத்துக்கு அழுகிற? களவா போன? பக்கத்து ஊட்டுல தானே ஈக்கிது. வா, போய் எடுப்பம்."

மேபல் அன்ரியின் வீடு ஒழுங்கையின் அடுத்த வளைவில். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. செபமாலை தொடங்கி நடந்துகொண்டிருந்தது. நடுவிலே போய் மாதாவுக்குப் பின்னாலிருந்து துணியை உருவ ஏலாது. ஒழுங்கை முழுவதும் கூடி அடிக்கும். பிறிஜெற் பின்சுவரோடு முழங்காலில் இருந்தாள். லுத்பியா சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தாள். அவளுக்கு இது புதிதில்லை. அவளுடைய உம்மா செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை வேதக் கோயிலுக்குப் போகிறவள்.

தன் வேலையைப் பிறிஜெற் தூரத்திலிருந்து பார்த்தாள். ஒரு மூலை தாழ்ந்து, கோணலாகத் தொங்கியது. மெழுகு சொட்டி வெல்வெற்றில் வெள்ளைத் திட்டுகளாய்க் காய்ந்திருந்தது. மல்லிகை மாலை நசிந்த இடத்தில் பழுப்புக் கறை. போதாததற்கு வலைக்குள் ஏதேதோ தொங்கின. நாளைக் காலையில் இதை எப்படிக் காட்டுவது? கணினிப் பிரிவின் குளிரூட்டிய அறைகூட அவளுக்குக் கண்ணில் தெரிந்தது.

செபமாலை முடிந்தது. சனங்கள் வரிசையாக எழுந்து மாதாவிடம் போனார்கள். ஒவ்வொரு வருடமும் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுக் கையை முத்தமிட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். கண்ணாடி என்ன, குளிர்ந்துபோய் வழுவழுவென்று இருக்கும், தொட்ட மாதிரியே இராது. இந்த முறை அவர்கள் கண்ணாடியில் மினக்கெடவில்லை. கை நேரே பின்னாலிருந்த துணிக்குப் போனது. ஒரு கிழவர் கயிற்றை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தாய் இடுப்பிலிருந்த பிள்ளையின் கையைப் பிடித்து வெல்வெற்றில் வைத்தாள். பிள்ளை "பூனை" என்றது. மேபல் அன்ரி நீலத்தை மேலிருந்து கீழே தடவி, "மாதாட முக்காடு மாதிரியே செய்திருக்கிறாய், மகள்" என்றாள். செபமாலையை முன்னின்று சொன்ன சவுந்தரநாயகம் மாஸ்டருக்கு அது மாதா குழந்தையோடு எகிப்துக்குப் போன பாலைவனம்.

"கடலெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லையே" என்றாள் பிறிஜெற், லுத்பியாவின் காதுக்குள். அந்த நிலைமையிலும் அவளுக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது.

"விளங்காட்டி என்ன? கையை எடுக்கிறாங்க இல்லயே டீ" என்றாள் லுத்பியா.

அதற்குப் பிறகுதான் பிறிஜெற் முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கத் தொடங்கினாள். தடித்த கை, மஞ்சள் கை, மீன் வெட்டிய கை. எல்லாக் கைகளும் தானாகவே மேலிருந்து கீழே போயின. சொரசொரப்பில் தொடங்கி, வலையில் கொஞ்சம் சிக்கி, மெத்தென்ற இடத்தில் போய் நின்றன. ஒருவருக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று மாதமாகத் தன் கையை மட்டும் வைத்துப் பார்த்த பாதையில் இப்போது ஒழுங்கையே போய்வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சனம் கலைந்த பிறகு அவள் விசயத்தைச் சொன்னாள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குடுத்ததை எடுக்கிற வழக்கம் இல்லை என்பது அதன் அர்த்தம். ஆனால் மேபல் அன்ரிதான் முதலில் எழும்பினாள்.

"பிள்ளையின்ர படிப்பு மாஸ்டர். கொண்டு போகட்டும். நில்லு மகள், நான் கட்டினதைக் கழட்டிப்போட்டுத் தாறன்."

அப்போதுதான் வலையில் தொங்கியவை என்னென்று பிறிஜெற் கிட்டப் போய்ப் பார்த்தாள். ஒரு ரிபன். குழந்தையின் கறுப்பு வளையல். ஒரு சட்டைப் பொத்தான். எல்லாம் நேர்த்திக்கடன். கண்ணாடிப் பெட்டியில் கட்ட இடமில்லாமல் இத்தனை வருடமும் மனசுக்குள் வைத்திருந்ததையெல்லாம் வலையைக் கண்டதும் கட்டிவிட்டார்கள். பொத்தான் மேபல் அன்ரியின் மகன் கொன்ஸ்ரன்ரைனுடையது. கப்பலில் வேலை. கொஞ்ச நாளாக அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை என்று ஒழுங்கைக்கே தெரியும். அன்ரி நகத்தால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இறுக்கிக் கட்டியிருந்தாள் போல, வரவில்லை.

"விடுங்கோ அன்ரி" என்றாள் பிறிஜெற். "அது அப்பிடியே இருக்கட்டும். இப்பிடியே கொண்டு போறன். நாளைக்குப் பின்னேரம் மாதா அடுத்த வீட்டுக்குப் போக முதல் கொண்டு வந்திடுவன்."

"சத்தியமா?"

"மாதாவறிய."

அடுத்த நாள் காலை ஓட்டோக்காரரிடம் "ஹெமின் யன்ன, அய்யே" என்று வழி நெடுக மெல்லப் போகச் சொல்லிக்கொண்டே போனாள். மெழுகைச் சுரண்டவில்லை. பொலித்தீனும் சுற்றவில்லை, மடியிலேயே போட்டுக்கொண்டு போனாள். மண்டபத்தில் மற்றவர்களின் வேலைகள் பளிச்சென்று தொங்க, நடுவிலே இது ஒன்று சமையலறையிலிருந்து எழும்பி வந்த மாதிரித் தொங்கியது. நரைத்த தாடிக்காரர் கிட்ட வந்து, "அழுக்காக இருக்கிறதே" என்றார்.

"ஓம் சேர். தொடுங்கோ" என்றாள் பிறிஜெற். எது சிங்களம், எது ஆங்கிலம், எது தமிழ் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கலந்து நடந்ததைச் சொன்னாள். அவர் தொட்டாரா இல்லையா என்று அவள் கவனிக்கக்கூட இல்லை. மிஸ் இரேஷாவின் விரல் வளையலில் பட்டு, பொத்தானில் பட்டு, கீழே இறங்கி, மெழுகுத் திட்டில் நின்றதை மட்டும் பார்த்தாள். மிஸ் கொப்பியில் ஏதோ எழுதினார்.

பிறகுதான் இடி விழுந்தது. எல்லா வேலைகளும் திங்கட்கிழமை வரை மண்டபத்திலேயே தொங்கவேண்டும், அன்றைக்குத்தான் புள்ளி முடிவாகும், அதற்கு முதல் கழற்றினால் புள்ளி இல்லை என்று அறிவித்தார்கள்.

"மிஸ், என்னால ஏலாது" என்றாள் பிறிஜெற் சிங்களத்தில். குரல் எப்படி வெளியே வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "இது இண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு முதல் கொட்டாஞ்சேனையில் இருக்கவேணும்."

லுத்பியா பின்னாலிருந்து அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"உனக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்தானே?" என்றார் மிஸ்.

"தெரியும் மிஸ். ஆனா இது இப்ப என்ர மட்டும் இல்லை."

மிஸ் கொப்பியை மூடினார். "விதி விதிதான். என்னால் மாற்ற முடியாது" என்றார். பிறகு, "கொட்டாஞ்சேனையில் எங்கே?" என்று கேட்டார். அது விசாரணைக் கேள்வி என்று நினைத்துப் பிறிஜெற் பயந்து பயந்து ஒழுங்கையின் பெயரைச் சொன்னாள். பிறகு துணியைக் கழற்றினாள். கழற்றும்போது கண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லாததால் அப்படியே விட்டாள்.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. அன்றைய முறை சவுந்தரநாயகம் மாஸ்டருடையது; அவர் வீட்டுச் சுவரில் பிறிஜெற் தானே ஆணி அடித்துக் கடலை நேராகத் தொங்கவிட்டாள். றோஸி கீழே நின்று, "வலப்பக்கம் கொஞ்சம் தூக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் அதற்குமேல் கதைக்கவில்லை. றோஸி மட்டும் ஒருதரம் மகளின் ஊசி குத்திய விரல்களைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். செபமாலை முடிந்து வரிசை எழும்பியபோது மழை இன்னும் விடவில்லை. மாதா ஒழுங்கைக்கு வந்த எந்த வருடத்திலும் இவ்வளவு சனம் இல்லை என்று மாஸ்டர் சொன்னார். பக்கத்து ஒழுங்கைக்காரர்களும் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள்.

பிறிஜெற் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தற்செயலாக வாசலைப் பார்த்தாள். வெளியே கூரை ஒழுகும் இடத்தில் நரைத்த தாடிக்காரர் ஒற்றைக்காலில் நின்று சப்பாத்து நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மிஸ் இரேஷா குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, செருப்பைக் குவியலோடு விட்டுவிட்டு, யாரையும் தேடாமல் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். முன்னால் நின்றது மேபல் அன்ரி. அவள் திரும்பிப் பார்த்தாள். ஆள் யாரென்று அவளுக்குத் தெரியாது. நனைந்த கையோடு ஒருத்தி நிற்கிறாள், அவ்வளவுதான் தெரிந்தது. "கையெல்லாம் ஈரம், மகள். துடைச்சுப்போட்டு வாங்கோ" என்று தன் சேலைத் தலைப்பை எடுத்து நீட்டினாள். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. அவர் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினார்.